இருட்டிலும் கைக்கு எட்டும் வீடு

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். மார்த்தாண்டத்தோடு பஸ் நின்றுவிட, விழுந்து கிடந்த ரப்பர் மரங்களையும் மின்கம்பங்களையும் தாண்டித் தாண்டி நடந்து, படந்தாலுமூட்டுக்கு உள்ளே இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிணற்றில் தண்ணீர் ததும்பிக் கிடந்தது. அடுக்களையிலோ குடிக்க ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது. மோட்டார் மாட்டிய ஆண்டிலேயே கிணற்றின் மேல் இருந்த மரச்சட்டத்தையும் கப்பியையும் கழற்றிவிட்டோம். கயிறு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பசுவைக் கட்டும் கயிற்றையும் துணி காயப்போடும் நைலான் கயிற்றையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்து, அதில் பெயிண்ட் வாளி ஒன்றைக் கட்டி இறக்கினோம். மூன்றாவது முறை இறக்கியபோது முடிச்சு அவிழ்ந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டது.

எங்கள் வரிசைக்கு மின்சாரம் திரும்பி வர 11 நாள் ஆனது. அந்த 11 நாளில் நானும் என் மனைவியும் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு இத்தனை ஆண்டுகளாக வீட்டில் பழக்கமாக்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். சாமான் வாங்கிக் குவிக்கச் சொல்லும் குறிப்பு அல்ல இது. எங்கள் வீட்டில் அன்று தேவைப்பட்ட பொருள்களில் பாதி வீட்டிலேயேதான் இருந்தன. எங்கே இருந்தன என்பதுதான் தெரியவில்லை.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்டக்டரின் தோல் பையில் ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. முன்னறையில் சில்லறை, நடுவில் பத்தும் இருபதும், உள்ளே ஜிப் போட்ட அறையில் நூறும் ஐந்நூறும். கணக்குத் தாள் எப்போதும் முதுகுப் பக்கம். களியக்காவிளை வளைவில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு காலில் நின்றுகொண்டு, உள்விளக்கு எரியாத வண்டியில், மீதிப் பணத்தைப் பார்க்காமலே எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பத்து ரூபாயை வேறு அறையில் வைத்துவிட்டால் அன்று முழுவதும் தடுமாற்றம்தான். வீட்டுக்கும் இந்த ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். விளக்கு இல்லாத நேரத்தில், என்னையும் என் மனைவியையும் கேட்காமல், வீட்டில் உள்ள வேறு ஒருவர் அந்தப் பொருளை எடுக்க முடியுமா? முடியாவிட்டால் அது வைக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இரவு உணவு முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "டார்ச் எடுத்து வா மக்களே" என்று பேத்தியிடம் சொல்வேன். பிறகு தீப்பெட்டி, அதற்குப் பிறகு பாட்டியின் மாத்திரை டப்பா. அவள் நின்று யோசித்த பொருளுக்கு மறுநாள் இடம் மாறும். டார்ச் முதலில் அலமாரிக்குள் இருந்தது. இப்போது படுக்கையறைக் கதவின் பின்னால், அவள் தோள் உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மாதக்கணக்கில் எடுக்காத டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைக்காதீர்கள். கசிந்து, உள்ளே இருக்கும் சுருளை அரித்துவிடும். பேட்டரியைத் தனியே உறையில் போட்டு, அந்த உறையை டார்ச்சோடு ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடுங்கள்.

முதலில் தண்ணீர். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, வீட்டுக்கு வீடு மோட்டாரும் உண்டு. கப்பியும் கயிறும்தான் காணாமல் போய்விட்டன. கிணற்றின் மேல் ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே பதித்து, அதில் கப்பியை நிரந்தரமாக மாட்டுங்கள். செலவு பெரிதில்லை. கயிற்றின் நீளத்தைக் கோடைக்காலத் தண்ணீர் மட்டத்துக்கு ஏற்ப அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்து வாங்கினால் பங்குனியில் வாளி பாதி வழியில் தொங்கும். நான் பங்குனி கடைசியில் கல் கட்டிய நூலை இறக்கி அளந்து, அதோடு இரண்டு ஆள் உயரம் கூட்டி வாங்கினேன். தேங்காய்த் தும்புக் கயிறு கையை வழுக்காது, நன்றாகப் பிடிக்கலாம். ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நடுவிலிருந்து மக்கிவிடும். வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும், பாரம் ஏறியதும் அறுந்துபோகும். நைலான் மக்காது என்றாலும் ஈரக் கையில் வழுக்கும். நாங்கள் நைலான் கயிற்றில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, பிடி கிடைக்கும்படி செய்துகொண்டோம். முடிச்சு கப்பியில் சிக்காமல் ஓட வேண்டும் என்பதால் அகலமான பள்ளம் உள்ள கப்பியாகப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது.

வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு. கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, நாற்றம் தாங்காமல் ஒரு வாரம் அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 1,000 லிட்டருக்கு நல்ல தரமான பவுடர் 2.5 கிராம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. கிணற்றில் எத்தனை லிட்டர் என்று கண்டுபிடிக்க, விட்டத்தை மீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். வருவது கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். என் கிணறு 2 மீட்டர் விட்டம். 3 மீட்டர் தண்ணீர் இருந்தால் ஏறக்குறைய 9,400 லிட்டர், ஆகவே சுமார் 24 கிராம். பவுடரை ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீரோடு குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்கலாம். இரவு போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளம் புகுந்து கலங்கிய கிணறென்றால் முதலில் இறைத்துத் தெளியவைத்து, சுகாதார ஆய்வாளரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் போடுங்கள். என் கிணற்றுக் கணக்கை மழைக்காலத் தண்ணீரின் நான்கு மட்டங்களுக்கும் முன்கூட்டியே போட்டு, மோட்டார் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் பெருக்கல் கணக்குப் போட யாருக்கும் பொறுமை இருக்காது.

இனி காகிதங்கள். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019-இல் ஒரு நள்ளிரவில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லால் தாங்க முடியாத வலி. எங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். ஆகவே அங்கே கொண்டுபோக முடிவு செய்தோம். வண்டி வாசலில் நிற்க, ஆதார் அட்டையையும் பழைய ஸ்கேன் அறிக்கையையும் தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஸ்கேன் அறிக்கை கிடைக்கவே இல்லை. அங்கே போய் மறுபடியும் எடுத்தார்கள். செலவு ஒருபுறம் இருக்கட்டும், அந்த இரண்டு மணி நேரம் அவள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. பிறகு பார்த்தால், அறிக்கை அவளுடைய புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எங்கே வைத்தாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அவளோ அப்போது பேசும் நிலையில் இல்லை.

ஆகவே காகிதங்களை இரண்டாகப் பிரித்தோம். அவசரத்தில் கையோடு எடுத்து ஓட வேண்டியது ஓடும் காகிதம், வீட்டிலேயே இருக்க வேண்டிய அசல்கள் உட்காரும் காகிதம். ஓடும் காகிதங்கள் ஒரு நீலநிற ஜிப் பையில், வாசல் கதவுக்கு உட்புறம் தொங்குகின்றன. ஒவ்வொருவருடைய ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டை, கடைசி இரண்டு ஆண்டு மருத்துவ அறிக்கைகள், இரத்த வகையும் ஒவ்வாமையும் எழுதிய ஒரு தாள், ஐந்நூறும் நூறுமாக 3,000 ரூபாய். எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் மாநிலக் காப்பீட்டு அட்டையை அந்த மருத்துவமனையில் எடுத்துக்கொள்வார்களா என்பதை நோய் வருவதற்கு முன்பே ஒரு பகல் நேரத்தில் கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலத்திலும் உண்டு.

உட்காரும் காகிதங்கள் இரும்புப் பெட்டியில். எங்கள் ஊரில் இது வெறும் அடுக்கி வைக்கும் வேலை அல்ல. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. என் பாட்டனாரின் நிலப் பத்திரம், எங்கள் பெரியவர்கள் வாயில் 'பிரமாணம்', மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் தேதியிட்டு இருக்கிறது. "1112 கன்னி" என்று போட்டிருக்கும். அது எந்த வருடம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சிங்கம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824-உம், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825-உம் கூட்ட வேண்டும். கன்னி புரட்டாசி மாதம், ஆகவே 1936. எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் மகளுடைய மாமனார் மலையாளம் நன்றாகப் படிப்பார். ஆனால் அந்தக் கூட்டெழுத்தை அவராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. கடைசியில் வயதான பத்திர எழுத்தர் ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி வரியாக உரக்கப் படித்தார், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். நான்கெல்லையில் மேற்கே "நடைத்தோடு" என்று இருந்தது. தோடு என்றால் சிற்றோடை. அந்தத் தோடு இன்று ஒரு சிமென்டு ஓடை; எல்லையைப் பற்றிப் பக்கத்து நிலத்துக்காரரோடு பல ஆண்டாக இருந்த மனத்தாங்கல் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரம் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே படிக்கச் சொல்லி எழுதி வையுங்கள். இதை அடுத்த மாதத்துக்கு என்று தள்ளாதீர்கள்.

பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பிலேயே கிழிகிறது என்பதால் மடிக்காமல் விரித்து, ஒரு பெரிய உறையில் வைப்பது நல்லது. ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு போடுவது எங்கள் அம்மா காலத்து வழக்கம், இன்றும் செய்கிறேன். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில் வைக்க வேண்டும். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டுக்குமே அதுதான் காப்பு. மாசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயில் நேரடியாகப் படாத திண்ணையில் காற்றாட வைக்கிறோம்.

பெட்டியின் கைப்பிடியில் நூலால் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டியிருக்கிறேன். கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் எண்ணைக் கணக்குத் தாளில் எழுதுவது போல, அசல் காகிதத்தை எடுப்பவர் தேதி, எந்தக் காகிதம், எதற்காக என்று அதில் எழுத வேண்டும். திரும்ப வைத்ததும் அடிக்க வேண்டும். வீட்டுக்கடனுக்குப் பத்திரத்தை வங்கியில் கொடுத்தபோது, எந்தெந்த அசலைக் கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய தாளும் அதே நோட்டில் இருக்கிறது. கடன் முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. கடைசித் தவணை கட்டிய ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவருக்குத்தான் இந்த விதி உதவும்.

எல்லையோரக் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை பெயர். இங்கே தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கேரளத்தில் பின்னால் வரும், சில இடங்களில் விரித்தும் எழுதிவிடுவார்கள். என் மகள் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருந்தது. திருமணமாகி அங்கே குடும்ப அட்டையில் சேர்க்கப் போனபோதுதான் அது தெரிந்தது. சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. இன்று மாலை உட்கார்ந்து, வீட்டில் ஒவ்வொருவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் எல்லா ஆவணத்திலிருந்தும் ஒரே தாளில் எழுத்துப் பிசகாமல் நகலெடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவசரமில்லாத இப்போதே திருத்த மனுக் கொடுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் கிடைக்கும் ஆவணங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைபேசி அணைந்துபோகும் நாளில் அது இல்லை. எல்லாவற்றின் நகலும் மகள் வீட்டில் ஒரு செட் இருக்கிறது. இங்கே வெள்ளம் வந்தால் அங்கே இருக்கும்.

கைபேசி என்றதும் நினைவுக்கு வருகிறது. அலமாரிக் கதவின் உட்புறம் பத்து எண்களைக் கையால் எழுதி ஒட்டுங்கள். 108, 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, பிறகு உங்கள் சொந்தங்கள், வயர்மேன், பக்கத்தில் கார் வைத்திருப்பவர். மகளின் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல என்னால் அன்று முடியவில்லை. இப்போது பேத்திக்கு நான்கு எண்கள் மனப்பாடம்.

மருந்துக்கு இரண்டே குறிப்பு. மாத்திரை அட்டையைப் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனைக்கு எதிர் முனையிலிருந்து பிரித்து எடுங்கள். கடைசி மாத்திரை வரை என்ன மருந்து என்று தெரியும். இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால் ஒரு மண்பானை இருக்கட்டும். ஒக்கியின்போது என் மாமியாரின் இன்சுலினை அப்படித்தான் காப்பாற்றினோம்: ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறிய சட்டியை இறக்கி, அதில் மூடி கட்டிய குப்பியை வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, காற்றோட்டமான நிழலில் வைத்தோம். ஊசி போடத் தொடங்கிய குப்பி குளிர்பெட்டி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்பது அதோடு வரும் தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுக்களையில் நாங்கள் கடைப்பிடிப்பது "ஒன்று திறந்தால் ஒன்று எழுது" என்பதுதான். சம்பா அரிசி, பயறு, வற்றல் மிளகாய், தேங்காய் எண்ணெய், உப்பு, கருவாடு ஆகியவற்றில் எப்போதும் ஒன்று திறந்தது, ஒன்று திறக்காதது. திறக்காததைத் திறக்கும் நாளிலேயே வாங்கும் பட்டியலில் அது ஏறிவிடும். விறகடுப்பை இடித்துவிடாதீர்கள். ஒரு சாக்குச் சிரட்டையும் கொதும்பும் காய்ந்தபடி பரணில் இருந்தால் ஒரு வாரம் கஞ்சி வைக்கலாம். எரிவாயு ரப்பர் குழாய்க்கும் ஐந்து ஆண்டுதான் ஆயுள், தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சிலிண்டர் வரும்போது அதன் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி, சி, டி என அடுத்தடுத்த மூன்று மாதங்கள், பக்கத்தில் ஆண்டு. அந்தச் சோதனைக் கெடு கடந்த சிலிண்டரை வாங்கிக்கொள்ளாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஆண்டில் இரண்டு மழை. வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை. ஆகவே வைகாசி முதல் ஞாயிறும் புரட்டாசிக் கடைசி ஞாயிறும் சரிபார்க்கும் நாள்கள். டார்ச், பேட்டரி, நீலப் பையில் உள்ள பணம், மாத்திரைத் தேதி, பிளீச்சிங் பவுடர் டப்பா (காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும், ஒவ்வொரு மழைக்கும் புதியது வாங்கவும்), ஓடு மாற்ற வேண்டிய இடம், வீட்டின் மேல் சாயும் கிளை. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கடைசியாகக் கிணறு. கயிற்றைச் சுருளிலிருந்து முழுதாகப் பிரித்து முற்றத்தில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரு கையாலும் உருவிப் பார்ப்போம். எங்காவது கைக்கு மெத்தென்று பட்டால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுவோம். கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய். பிறகு மோட்டாரைப் போடாமல் ஒரு வாளி இறைத்து, அந்தத் தண்ணீரிலேயே சாயா போடுவோம். பேத்திக்கு இப்போது வயது ஒன்பது. சுற்றுச்சுவருக்கு வெளியே காலை ஊன்றி நின்று, கயிற்றைக் கைவிடாமல் வாளியை மெல்ல இறக்குவதை இந்த வைகாசியில் கற்றுக்கொண்டாள். வாளியில் போடும் முடிச்சு இன்னும் அவளுக்கு வரவில்லை. அதைப் புரட்டாசிக்குள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.